தீவுப் பள்ளியில் ஒரு ஹாம் வானொலி நிலையம்

ஹாம் வானொலி என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது பேரிடர்ச் செய்திகள்தாம். 2004 டிசம்பரில் ஹைதராபாத்தில் உள்ள தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தைச் சேர்ந்த குழு ஒன்று, பாரதி பிரசாத் தலைமையில் போர்ட் பிளேரில் நிலையம் அமைத்து இயக்கிக்கொண்டிருந்தது. ஆழிப்பேரலை தாக்கித் தொலைபேசி இணைப்புகள் அறுந்தபோது, அந்தமானிலிருந்து செய்திகளை வெளியே கொண்டு சேர்த்ததில் அந்தக் குழுவுக்குப் பெரும் பங்கு உண்டு.

பேரிடர் இல்லாத நாள்களில் இத்தகைய நிலையங்களில் என்ன நடக்கிறது? காதுகொடுத்துக் கேட்பது, அளப்பது, நேரத்தோடு எழுதி வைப்பது. வகுப்பறைக்கு வேண்டிய பாடம் இந்தச் சாதாரண வேலைகளில்தான் இருக்கிறது. அரசுப் பள்ளிப் பணிக்கு வருவதற்கு முன், 2013, 2014 ஆகிய இரண்டு ஆண்டுகள் மாலத்தீவில் ஒரு தீவுப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியராக இருந்தேன். அங்கு ஒரு நிலையம் அமைத்த அனுபவத்தையும், அதிலிருந்து நம் வகுப்பறைக்கு எடுத்துக்கொள்ளக்கூடியவற்றையும் இங்கே பகிர்கிறேன்.

உரிமம் முதலில், கருவி பிறகு

வணிக நோக்கம் இன்றி, தானே கற்பதற்காகவும் சோதித்துப் பார்ப்பதற்காகவும், அரசின் உரிமம் பெற்று ஒருவர் இயக்கும் வானொலி நிலையமே அமெச்சூர் நிலையம். ஒலிபரப்பு நிலையத்தைப் போல ஒருவர் பேச ஊரே கேட்பது அல்ல இது. ஒரு நிலையம் அழைக்கும், இன்னொரு நிலையம் பதில் சொல்லும். இந்தியாவில் இதற்கு ஒன்றிய அரசின் தகவல் தொடர்பு அமைச்சகம் தேர்வு நடத்தி உரிமம் தருகிறது. 12 வயது நிறைந்த எவரும் தேர்வு எழுதலாம்.

உரிமத்துடன் ஓர் அழைப்புக்குறியும் கிடைக்கும். உலகில் ஒரே குறி இருவருக்கு இராது. குறியின் தொடக்கத்தைப் பார்த்தே நாட்டைச் சொல்லிவிடலாம். இந்திய நிலையங்கள் பெரும்பாலும் வி.யூ. என்று தொடங்கும், இலங்கைக்கு 4எஸ்7, மாலத்தீவுக்கு 8க்யூ7.

ஒரு நாட்டின் உரிமம் இன்னொரு நாட்டில் தானாகச் செல்லாது. இதைப் பலரும் கவனிப்பதில்லை. வானொலி அலை எல்லை பார்க்காது. அதை அனுப்பும் உரிமைக்கு எல்லை உண்டு. எனவே மாலேயில் உள்ள தகவல் தொடர்பு ஆணையத்துக்கு இந்திய உரிமத்தின் நகல், கடவுச்சீட்டின் நகல், கொண்டுவரும் கருவியின் வகை, அதன் திறன், நிலையம் அமையும் இடம் ஆகிய விவரங்களை முதலில் அனுப்பினேன். அனுமதி கைக்கு வந்த பிறகே கருவியைப் பெட்டியில் வைத்தேன். உரிமத்தாள் இல்லாத அனுப்பும் கருவி எந்த நாட்டுச் சுங்கத்திலும் கேள்விக்குள்ளாகும். புறப்படும்போது நம் நாட்டு விமான நிலையச் சுங்கத்திலும் கருவியைக் காட்டி ஒரு சான்று வாங்கிக்கொண்டேன். திரும்பி வரும்போது அது புதிதாக வாங்கி வந்த பொருள் அல்ல என்று காட்ட அந்தத் தாள் வேண்டும். வெளிநாட்டுப் பணிக்குச் செல்லும் ஆசிரியர் மடிக்கணினி, கேமரா போன்றவற்றுக்கும் இதைச் செய்துகொள்வது நல்லது.

உரிமம் கிடைத்ததோடு வேலை முடியவில்லை. தலைமை ஆசிரியரிடமும் தீவு மன்றத் தலைவரிடமும் சென்று, இது என்ன கருவி, எதற்காக, எந்த நேரத்தில் இயக்குவேன் என்று விளக்கிச் சம்மதம் பெற்றேன். சிறிய ஊரில் ஒருவர் வீட்டு மரத்தில் புதிதாகக் கம்பி தொங்கினால் மறுநாளே எல்லோருக்கும் தெரிந்துவிடும். என்னவென்று தெரியாத கம்பியைப் பற்றிக் கதைகள் பிறக்கும் முன் நாமே சொல்லிவிடுவது முறை.

கம்பியின் நீளம் ஒரு கணக்கு

நிலையத்தின் விலையுயர்ந்த பகுதி அனுப்பி வாங்கும் கருவி. ஆனால் நிலையம் நன்றாக இயங்குமா என்பதை முடிவு செய்வது சில நூறு ரூபாய் பெறும் ஒரு செம்புக் கம்பி. அதுதான் ஆண்டெனா.

நான் அமைத்தது அரை அலை இருமுனை ஆண்டெனா. 14.1 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணுக்கு அதன் நீளத்தை மாணவர்களைக் கொண்டே கணக்கிட வைத்தேன். ஒளியின் வேகம் நொடிக்கு 30 கோடி மீட்டர். அதை 14.1 மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அலைநீளம் ஏறத்தாழ 21.3 மீட்டர். பாதி 10.6 மீட்டர். கம்பியின் தடிமனும் முனைகளின் விளைவும் சேர்ந்து, கம்பியின் உண்மை நீளம் இதைவிடச் சுமார் 5 விழுக்காடு குறைவாக இருக்க வேண்டும். ஆக 10.1 மீட்டர். அதை நடுவில் வெட்டினால் பக்கத்துக்கு ஏறக்குறைய 5.05 மீட்டர். வெட்டிய இடத்தில் கருவியிலிருந்து வரும் கேபிளை இணைக்க வேண்டும்.

"சார், அந்த 5 விழுக்காட்டைக் கழிக்காவிட்டால் என்ன ஆகும்?" என்று ஒரு மாணவி கேட்டாள். சொல்வதைவிடக் காட்டுவது எளிது. முதலில் 5.3 மீட்டர் வீதம் வெட்டிக் கட்டினோம். அனுப்பும் ஆற்றலில் எவ்வளவு ஆண்டெனாவால் ஏற்கப்படாமல் திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் மீட்டர் ஒன்று உண்டு. அதைப் பார்த்தபடி இரு பக்கமும் சில சென்டிமீட்டர் வீதம் குறைத்துக்கொண்டே வந்தோம். ஒவ்வொரு முறையும் திரும்பும் ஆற்றல் குறைந்தது. ஓர் அளவுக்குப் பிறகு மீண்டும் ஏறத் தொடங்கியது. மாணவர்கள் வரைபடத் தாளில் புள்ளிகளைக் குறித்தபோது கிண்ணம் போன்ற வளைகோடு வந்தது. அதன் அடிப்புள்ளி அவர்கள் கணக்கிட்ட நீளத்துக்கு அருகிலேயே இருந்தது. ஒத்ததிர்வு என்ற சொல்லை அதற்குப் பிறகுதான் கரும்பலகையில் எழுதினேன்.

நீளமாக வெட்டிப் பிறகு குறைப்பது தையற்காரரின் முறை. குறைத்ததை ஒட்ட முடியாது என்பதால் இந்த வரிசை முக்கியம்.

தென்னை மரமும் உப்புக் காற்றும்

தீவில் கம்பம் நட வேண்டிய தேவையே இல்லை. குடியிருப்புக்குப் பின்னால் இரண்டு தென்னை மரங்கள் இருந்தன. உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு அவற்றுக்கு இடையே கம்பியைக் கட்டினேன். காற்றில் மரம் ஆடும்போது இறுக்கிக் கட்டிய கம்பி அறுந்துபோகும். எனவே ஒரு முனையை மட்டும் மரத்தில் கட்டி, மறுமுனையின் நைலான் கயிற்றை ஒரு கப்பியின் வழியே கீழே விட்டு, அதில் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் குடுவையைத் தொங்கவிட்டேன். மரம் விலகினால் குடுவை ஏறும், நெருங்கினால் இறங்கும். கம்பியின் இழுவிசை மாறாது. எட்டாம் வகுப்புக்கு எளிய எந்திரங்கள் பாடம் நடத்த வேறு மாதிரி தேவைப்படவில்லை.

கடற்காற்று செம்பைச் சில வாரங்களிலேயே பச்சையாக்கிவிடும். உறை உள்ள கம்பியையே பயன்படுத்தினேன். இணைப்புகளை நீர் புகாத ஒட்டுநாடாவால் சுற்றினேன். மாதம் ஒருமுறை கம்பியை இறக்கிப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

தீவுக்கு மின்சாரம் தருவது டீசல் மின்னாக்கி. அது நிற்கும் நேரமும் உண்டு. இத்தகைய கருவிகள் 12 வோல்ட்டை ஒட்டிய நேர்மின்னோட்டத்தில் இயங்குவதால் ஒரு மின்கலத்தையும் சேர்த்து வைத்தேன். பெரும்பாலும் 20 வாட் திறனுக்கு மேல் அனுப்பியதில்லை. நம் வகுப்பறைக் குழல்விளக்கு எடுத்துக்கொள்ளும் ஆற்றலைவிட இது குறைவு. அந்த ஆற்றலில் கடல் கடந்து பேச முடிகிறது என்பதை மாணவர்கள் முதலில் நம்பவில்லை.

பாதுகாப்பு விதிகள் மூன்றை எழுதி அறைக் கதவில் ஒட்டியிருந்தேன். மின்சார வயருக்கு அருகே ஆண்டெனா செல்லக் கூடாது. அனுப்பும்போது கம்பியைத் தொடக் கூடாது. இடி மின்னல் தெரியும் முன்பே கேபிளைக் கழற்றி வெளியே வைத்துவிட வேண்டும்.

பேசும் முன் கேட்போம்

அங்கே உரிமம் என் பெயரில் மட்டுமே இருந்தது. எனவே மாணவர்களை ஒலிவாங்கியில் பேச விடவில்லை. அவர்கள் வேலை கேட்பதும் எழுதுவதும். அதற்கு ஓர் அருமையான ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது.

உலகின் வெவ்வேறு பகுதிகளில் 18 வழிகாட்டி நிலையங்கள் ஒரே அதிர்வெண்ணில், முறை வைத்து, ஒன்றன்பின் ஒன்றாகக் குறி அனுப்புகின்றன. 14.100 மெகாஹெர்ட்ஸ் அவற்றில் ஓர் அதிர்வெண். ஒவ்வொன்றுக்கும் 10 நொடி. 18 நிலையங்களும் முடிய 3 நிமிடம். பிறகு மீண்டும் முதலிலிருந்து. கொழும்பு, ஹாங்காங், ஜப்பான், கென்யா, தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, பெரு எனப் பட்டியல் நீளும். நேரத்தைச் சரியாக வைத்துக்கொண்டால், மோர்ஸ் குறி தெரியாவிட்டாலும் எந்த நாடு ஒலிக்கிறது என்று கடிகாரத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

இன்னொரு சிறப்பும் உண்டு. ஒவ்வொரு நிலையமும் தன் அழைப்புக்குறியை அனுப்பிய பின் நான்கு நீண்ட ஒலிகளை அனுப்பும். முதல் ஒலி 100 வாட், அடுத்தது 10 வாட், பிறகு 1 வாட், கடைசி 0.1 வாட். எத்தனை ஒலி காதில் விழுகிறது என்று எண்ணினாலே அந்தப் பாதை எவ்வளவு திறந்திருக்கிறது என்று தெரியும். பத்தின் அடுக்குகளைக் காதால் கேட்கும் வாய்ப்பு இது.

பள்ளி தொடங்கும் முன், காலை 6 மணிக்கு ஒரு குழுவும், மாலையில் ஒரு குழுவும் கேட்டு அட்டவணை எழுதின. சில காலைகளில் 7,000 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள ஜப்பான் தெளிவாகக் கேட்டது. 800 கிலோமீட்டருக்குள் உள்ள கொழும்பு கேட்கவில்லை. வெயில் ஏறிய பிறகு கொழும்பும் கேட்கத் தொடங்கியது. "பக்கத்து நாடு கேட்காமல் தூரத்து நாடு எப்படிக் கேட்கும்?" என்று அவர்கள் குழம்பினார்கள்.

வானில் உயரே சூரிய ஒளியால் அயனியாக்கப்பட்ட அடுக்குகள் இருக்கின்றன. சாய்வாகச் சென்று சேரும் அலையை அவை வளைத்துப் பூமிக்குத் திருப்பும். செங்குத்தாக ஏறும் அலை அடுக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே போய்விடும். அருகில் உள்ள ஊரை அடைய வேண்டுமென்றால் அலை செங்குத்தாக ஏறி இறங்க வேண்டும். விடியற்காலையில் அடுக்கு வலுக் குறைந்திருப்பதால் அது திரும்புவதில்லை. இதனால் ஏற்படும் கேளா இடைவெளியில்தான் கொழும்பு இருந்தது. பகலில் அடுக்கு வலுப்பெற்றதும் அந்த இடைவெளி சுருங்கியது. மேல்நிலை இயற்பியலில் வான் அலைப் பரவல் என்று நாம் படம் வரைந்து நடத்துவது இதைத்தான். தாங்கள் எழுதிய அட்டவணையே கேள்வியை எழுப்பியதால், விடையை அவர்கள் விடவில்லை.

பதிவேட்டில் நேரத்தை உலகப் பொது நேரத்தில் எழுத வேண்டும் என்பது ஹாம் வானொலியில் வழக்கம். மாலத்தீவு நேரத்தில் 5 மணியைக் கழிக்க வேண்டும். இந்திய நேரத்தில் ஐந்தரை மணியை. தீர்க்கக்கோடும் நேர வேறுபாடும் அன்றாடக் கழித்தல் கணக்காயின.

"உங்கள் கம்பிதான் காரணம்"

நிலையம் தொடங்கிய சில மாதங்களில் ஒரு சிக்கல் வந்தது. படகுத்துறைக் கடையில் மீன்பிடிப் படகுகளோடு பேச ஒரு வானொலிப் பெட்டி இருந்தது. சூரை மீன் பிடிக்கப் போகும் படகை அங்கே தோணி என்றே சொல்கிறார்கள், நம் சொல்தான். மாலையில் தோணிகள் திரும்பும் நேரத்தில் அந்தப் பெட்டியில் கடும் இரைச்சல் வருவதாகவும், என் கம்பிதான் காரணம் என்றும் கடைக்காரர் சொன்னார். வயதில் மூத்தவர், அவர் மகன்கள் கடலுக்குப் போகிறவர்கள். இயந்திரம் பழுதாகி நிற்கும் தோணியின் அழைப்பு இரைச்சலில் மூழ்கினால் என்ன ஆகும் என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி. உரிமத்தை இழப்பது ஒருபுறம் இருக்கட்டும். என் பொழுதுபோக்கால் ஒருவர் உயிருக்கு ஆபத்து வருமென்றால் நிலையம் இருக்கவே கூடாது.

அன்றே அனுப்புவதை நிறுத்தினேன். ஆனால் "நிறுத்திவிட்டேன்" என்று நானே சொன்னால் யார் நம்புவார்கள்? கருவியின் ஒலிவாங்கியைக் கழற்றித் தலைமை ஆசிரியரின் அலமாரியில் வைத்துப் பூட்டச் சொன்னேன். சாவி அவரிடம். பத்தாம் வகுப்பு மாணவர்கள் கடையில் அமர்ந்து, மாலை 5 மணி முதல் 8 மணி வரை ஒவ்வோர் ஐந்து நிமிடத்திலும் இரைச்சல் இருக்கிறதா இல்லையா என்று எழுதினார்கள். மூன்று நாளும் இரைச்சல் வந்தது.

இது பாதி விடைதான். நான் அனுப்பாதபோதும் இரைச்சல் வருகிறது என்று தெரிந்தது. நான் அனுப்பினால் அது கூடுமா என்பது தெரியவில்லை. எனவே படகுகள் கரையில் இருந்த ஒரு விடுமுறைப் பகலில் இரண்டாம் சோதனை செய்தோம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு மாணவி நாணயத்தைச் சுண்டுவாள். தலை விழுந்தால் நான் அனுப்புவேன், பூ விழுந்தால் சும்மா இருப்பேன். கடையில் இருந்தவர்களுக்கு இது தெரியாது. அவர்கள் காதில் விழுந்ததை மட்டும் எழுதினார்கள். பிறகு இரண்டு தாள்களையும் கடைக்காரர் முன்னிலையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். நான் அனுப்பிய எந்த ஐந்து நிமிடத்திலும் இரைச்சல் பதிவாகவில்லை.

மாலைப் பதிவுகளை மாணவர்கள் மீண்டும் பார்த்தார்கள். இரைச்சல் ஒவ்வொரு நாளும் பொழுது சாயும் நேரத்தில்தான் தொடங்கியிருந்தது. "சார், விளக்குப் போடும் நேரம்" என்றான் ஒருவன். அன்று மாலை, மத்திய அலை வரும் சிறிய ரேடியோ ஒன்றை நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் வைத்துக்கொண்டு படகுத்துறையைச் சுற்றி நடந்தோம். துறை ஓரத்தில் புதிதாகப் போட்டிருந்த எல்.இ.டி. விளக்கு ஒன்றை நெருங்க நெருங்கக் கரகரப்பு கூடியது. அதை அணைத்ததும் கடைப் பெட்டியும் அமைதியானது. அந்த விளக்கினுள் இருக்கும் மலிவான மின்மாற்றிச் சுற்று நொடிக்குப் பல்லாயிரம் முறை மின்சாரத்தைத் திறந்து மூடுகிறது. சரியான வடிகட்டி இல்லாவிட்டால் அதுவே ஒரு சிறு அனுப்பும் நிலையம் போல் இரைச்சலை வெளியிடும். தீவு மன்றம் அதை மாற்றிக் கொடுத்தது.

கடைக்காரர் என் அறைக்கு வந்து அந்த இரண்டு தாள்களையும் மறுபடி பார்க்கக் கேட்டார். "பிள்ளைகள் எழுதியதால் நம்பினேன்" என்றார். நான் வாதாடியிருந்தால் அது இரு பெரியவர்களின் சண்டையாக மட்டுமே முடிந்திருக்கும்.

நம் பள்ளியில் என்ன செய்யலாம்?

அனுப்பும் கருவிக்கு உரிமம் வேண்டும். கேட்பதையும் அளப்பதையும் நாளையே தொடங்கலாம்.

1. தொடக்க வகுப்புகளில்: பேட்டரியில் இயங்கும் சிறிய ரேடியோவை மத்திய அலையில் வைத்து, காலையிலும் இரவிலும் எத்தனை நிலையங்கள் கேட்கின்றன என்று வீட்டில் எண்ணி வரச் சொல்லலாம். இரவில் ஏன் கூடுகிறது என்ற கேள்வி தானே எழும்.

2. நடுநிலை வகுப்புகளில்: அதே ரேடியோவுடன் பள்ளியைச் சுற்றி நடந்து, எந்த விளக்கு, எந்த சார்ஜர் இரைச்சல் தருகிறது என்று வரைபடம் தயாரிக்கலாம். மின்கருவிகளைத் தொடாமல், எட்ட நின்றே செய்ய வேண்டும்.

3. உயர்நிலை, மேல்நிலை வகுப்புகளில்: உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தில் இணையம் வழியே இயங்கும் வானொலி வாங்கியைத் திறக்கலாம். நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகம் அப்படி ஒன்றை எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறது. 14.100 மெகாஹெர்ட்ஸில் வழிகாட்டி நிலையங்களைக் கேட்டு ஒரு வாரம் அட்டவணை எழுதலாம்.

4. எல்லா வகுப்புகளிலும்: ஒரு பதிவேடு. தேதி, நேரம், கேட்டது, கேட்டவர் பெயர். "கேட்கவில்லை" என்பதையும் எழுத வேண்டும். கொழும்பு கேட்காத காலைகள்தாம் எங்களுக்கு அதிகம் கற்றுத் தந்தன.

ஆர்வம் உள்ள மாணவர் 12 வயது நிறைந்ததும் அமெச்சூர் உரிமத் தேர்வுக்குத் தயாராகலாம். அடிப்படை மின்னியலும் வானொலி விதிகளும்தான் பாடத்திட்டம். ஆசிரியரும் அவரோடு சேர்ந்து எழுதலாம். உரிமம் பெற்ற ஆசிரியர் எந்த ஊருக்கு மாறுதலானாலும், எந்த நாட்டுக்குப் போனாலும், அவ்விடத்து அனுமதியைப் பெற்றுக்கொண்டு பத்து மீட்டர் கம்பியோடு மீண்டும் தொடங்கலாம்.